ஜப்பார் பாயின் போன் அடிக்காத நாள்

கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் தொழில்நுட்பம் சொல்லித்தரப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டி. நான் கற்றுக்கொண்டதில் பாதி இன்று வழக்கத்திலேயே இல்லை, மீதியை நீங்கள் பேச்சு வாக்கில் செய்து முடித்துவிடுவீர்கள். ஆனால் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும்போது, நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய நேரம் எது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஒரு கோடை நாளின் முற்பகல்தான் சொல்லிக் கொடுத்தது.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு. கப்பலுக்குப் போகும் பெட்டிகளையும் கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிகளையும் அடுக்கி வைக்கிற இடம். அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தே காலத்தை ஓட்டி, சென்ற வருடம் ஓய்வு பெற்றேன். சர்வர் ரூம் என்றதும் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்யாதீர்கள். கதவைத் திறந்தால் கரித்தூளும் உப்புக்காற்றும் உங்களுக்கு முன்னால் உள்ளே நுழைந்துவிடும்.

அந்த யார்டில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் ஒன்றுதான். கேட் நிற்கக் கூடாது. கப்பலுக்குப் பெட்டி போய்ச் சேர ஒரு கெடு நேரம் உண்டு. கேட்டில் சீட்டு அடிக்கிற சர்வர் கொஞ்ச நேரம் படுத்தாலும், ட்ரெய்லர்கள் சாலையில் எர்ணாவூர் பக்கம்வரை வரிசை கட்டும். போலீஸ் வரும். அதற்கு முன்னால் டிரைவர்கள் என் அறைக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் பேசுகிற தமிழை இங்கே எழுத முடியாது.

ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று. எங்கள் சர்வர்களை எல்லாம் ஒரே திரையில் பார்த்து நிர்வகிக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தோம். ஒவ்வொரு சேவையையும் கிளப்பும் முன், அதற்குத் துணையாக வேண்டிய மற்ற மென்பொருள்கள், நாம் டிபென்டன்சி என்கிறோமே அவை, எல்லாம் இருக்கின்றனவா என்று அது பார்க்கும். ஒன்று குறைந்தாலும் கிளப்ப மாட்டேன் என்று சண்டித்தனம் செய்யும். அன்றைக்கு மாத அறிக்கையை அழகான எழுத்தில் அச்சடிக்கிற ஒரு துக்கடா சமாச்சாரம் இல்லையென்று கேட் சேவையையே கிளப்ப மறுத்துவிட்டது. அறிக்கைக்கும் கேட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் ட்ரெய்லர்கள் நின்றுவிட்டன.

யார்டு மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். நல்ல வேலைக்காரர், கோபக்காரர், அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். "இன்னாத்துக்கு நிக்கிது இது? எது இல்லியோ அத்த வுட்டுட்டு, இருக்கறத வச்சு ஓட்டு. இனிமே இந்தத் தெரை செவப்பா மாறி நான் பாக்கக் கூடாது" என்றார்.

எங்கள் புரோகிராமர் கணேசன் அன்று சாயங்காலமே அதை மாற்றி எழுதிவிட்டார். என் வயதுக்காரர், கை சுத்தமான ஆள். ஏதாவது இல்லையென்றால் அதைத் தாண்டிப் போ, மற்றதை ஓட்டு, விளக்கைப் பச்சையாகவே வை. "தாண்டிப் போனால் போகட்டும், என்ன இல்லையென்று ஒரு வரியாவது சொல்லட்டுமே" என்று நான் கேட்டேன். "சொன்னா ஹெட் ஆபீஸ் திரையிலயும் தெரியும் மேடம். ஏன் இல்லன்னு அவன் கேப்பான், அதுக்கு ஒரு விளக்கம் எழுதணும்" என்றார் மேனேஜர். அதோடு பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு ஒருநாள்கூட கேட் நிற்கவில்லை. எல்லாருக்கும் திருப்தி.

இப்போது ஜப்பார் பாயைச் சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டைக்காரர். ரீஃபர் என்கிற குளிரூட்டும் பெட்டிகளுக்கு அவர்தான் டெக்னீஷியன். இறாலும் மீனும் ஐஸ்கட்டியாக உள்ளே கிடக்கும். பிளக் கழன்றாலோ, கம்ப்ரசர் மக்கர் செய்தாலோ உள்ளே சூடு ஏறத் தொடங்கும். ஏறினால் எங்கள் சர்வருக்குத் தெரியும், சர்வர் ஜப்பார் பாயின் போனுக்கு அலாரம் அனுப்பும், அவர் ஓடுவார். அந்த வருடம் ஆரம்பத்தில் ஒரு பெட்டி சூடாகிப் போனதற்கு அவருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். ஒப்பந்த வேலை. "இன்னொரு தபா பொட்டி சூடாச்சுன்னா வூட்டுக்குப் போயிடு பாய், என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அதிலிருந்து அந்த மனுஷன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். தொழுகைக்குப் போனால் எலெக்ட்ரீஷியன் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சர்வரை ஓரம் கட்டிவிட்டு எல்லாவற்றையும் புது மெஷினுக்கு மாற்றினோம். திங்கள் காலை எல்லாம் ஓடியது. கேட் ஓடியது, சீட்டு அடித்தது, திரை முழுக்கப் பச்சை. கணேசன் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறிய பிறகு கேன்டீனுக்கு டீ குடிக்கப் போனேன். ஜப்பார் பாய் சாவகாசமாக உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எப்போதும் நின்றபடி ரெண்டு வாய், அப்புறம் ஓட்டம்தான்.

"இன்னா பாய், இன்னிக்கு நாஷ்டா ஷோக்கா போகுது?" என்றேன். எனக்கும் அந்தத் தமிழ்தானே வீட்டுத் தமிழ்.

"ஆமாக்கா. காத்தாலேந்து போன் ஒரு தபாகூட அடிக்கல. புது சர்வர் சூப்பரா கீதுக்கா. பொட்டிங்கல்லாம் நல்ல புள்ளங்களா குந்தினு கீது" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். கோடையில், அவ்வளவு ரீஃபர் வெயிலில் நிற்கும் யார்டில், காலையிலிருந்து ஒரு அலாரம்கூட வரவில்லை என்றால் ஒன்று அது அதிசயம், இல்லையென்றால் கோளாறு. எங்கள் யார்டில் அதிசயம் நடந்து நான் பார்த்ததில்லை. "பாய், போனை எடுத்துகினு என்கூட வா" என்றேன். பாதிப் பரோட்டாவை விட்டுவிட்டு அவர் எழுந்தார், சிரிப்பும் அங்கேயே நின்றுவிட்டது.

சர்வர் ரூமில் கணேசனைக் கூப்பிட்டு, ஜப்பார் பாய்க்கு ஒரு சோதனை அலாரம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். 'அனுப்பப்பட்டது' என்று திரையில் டிக் விழுந்தது. மூன்று பேரும் மேஜை மேல் கிடந்த போனைப் பார்த்தோம். அது பேசாமல் கிடந்தது. இன்னொரு முறை அனுப்பினார். இன்னொரு டிக். போன் அப்படியே கிடந்தது.

கணேசன் உள்ளே தோண்டிப் பார்த்தார். போனுக்குச் செய்தி அனுப்பும் டிபென்டன்சி புது மெஷினில் இல்லவே இல்லை. பழைய மெஷினில் யாரோ எந்தக் காலத்திலோ கையால் போட்டு வைத்தது. அது இருப்பதே எங்கள் யாருக்கும் தெரியாது. புது மெஷினில் அலாரம் சேவை கிளம்பும்போது அதைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை. நாங்கள் சொல்லிக் கொடுத்தபடியே தாண்டிப் போயிருக்கிறது. அனுப்ப ஆள் இல்லாமலே அனுப்பிவிட்டேன் என்று டிக் வேறு போட்டிருக்கிறது.

கணேசன் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், ஒரு நிமிஷம். அதைப் போட்டுடறேன். போட்டதும் சரியாயிடும். யாருக்கும் தெரிய வேணாம்" என்றார்.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தப் போகிறேன். உங்களில் பத்தில் ஒன்பது பேர் கணேசன் சொன்னதைத்தான் செய்வீர்கள். தப்பு என்றுகூட நினைக்க மாட்டீர்கள். கோளாறு எது என்று தெரிந்துவிட்டது, மருந்து கையில் இருக்கிறது, சரி செய்துவிட்டு அப்புறம் ஒரு வரி மெயில் போட்டால் போகிறது. ஆனால் அந்த நேரத்தில் வெளியே எத்தனை பெட்டி சூடாகிக்கொண்டிருக்கிறது என்று கணேசனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது தெரியக்கூடிய ஒரே ஆள் எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது மென்பொருள் இல்லை. நடந்து போய்ப் பார்க்க இப்போதே ஒரு வார்த்தை.

"பாய், உன் போனுக்கு இனி எதுவும் வராது. காலையிலேந்து வரவே இல்லை. ஆளுங்களக் கூட்டிகினு ஒவ்வொரு பொட்டியா நேர்ல பாரு" என்றேன். அவர் கதவை மூடக்கூட நிற்காமல் ஓடினார். கணேசனிடம், "நீங்க அதைப் போடுங்க, ஆனா நான் சொல்லாம இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு கேட் ஆபீசுக்குப் போனேன். ட்ரெய்லர் நம்பர் கூப்பிட அங்கே ஒரு மைக் உண்டு. யார்டு முழுக்கக் கேட்கும், தெருவில் போகிறவருக்கும் கேட்கும்.

மைக்கைத் தொடும்போது மேனேஜர் குறுக்கே வந்தார். கணேசன் அவருக்குப் போன் செய்திருந்தார். "மேடம், கப்பல் கெடு இன்னிக்கு. கஸ்டமர் ஆளுங்க ரெண்டு பேரு உள்ள குந்தினு கீறாங்க. மைக்ல சொன்னீங்கன்னா நம்ம மானம் கப்பலேறிடும். கணேசன் முடிச்சுடுவாரு, கொஞ்சம் சும்மா இருங்க."

"கேட்டை நான் நிறுத்தலை சார். கேட் ஓடட்டும். அலாரம் செத்துக் கிடக்குன்னு மட்டும் சொல்றேன். எலெக்ட்ரீஷியனுங்க நாலா பக்கமும் கீறாங்க, ஒவ்வொருத்தனையும் ஜப்பார் பாய் தேடிப் போய்க் கூப்பிட முடியுமா?"

"நான் வேணாம்னு சொல்றேன்."

"நீங்க சொன்னது காதுல வுழுந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு மைக்கைப் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் நடுங்காது, இன்னும் தெளிவாகும். அது நான் வாங்கி வந்த வரம். "எல்லாரும் கேளுங்க. ரீஃபர் அலாரம் காலையிலேந்து வேலை செய்யலை. ஜப்பார் பாய் போனுக்கு எதுவும் போகலை. எலெக்ட்ரீஷியனுங்க எல்லாரும் ரீஃபர் வரிசைக்குப் போங்க. பெட்டில காட்டற டிகிரியைக் கண்ணால பாருங்க." இரண்டு முறை சொன்னேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் பெட்டிகள் எல்லாம் இன்னும் கொஞ்சம் சூடாகியிருக்கும்.

கணேசனின் ஒரு நிமிஷம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த டிபென்டன்சியைப் போடப் போனால் அதற்கு வேறொன்று வேண்டும் என்றது. அதைப் போட்டால், புது மெஷினில் அதன் பதிப்பு ஒத்துவரவில்லை. உங்களுக்குத் தெரிந்த கூத்துதான், விவரிக்க வேண்டியதில்லை. அவர் முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்தபோது பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

அதற்குள் ஜப்பார் பாயும் மற்றவர்களும் எல்லா வரிசையையும் நடந்து முடித்திருந்தார்கள். கரன்ட் பிரேக்கர் விழுந்து நின்றுபோன பெட்டிகள் சில, சூடு ஏறத் தொடங்கியிருந்த நேரத்தில் பிடித்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஒன்று மட்டும் தப்பவில்லை. விடியலிலேயே நின்றுபோயிருக்கிறது. உள்ளே இறால், தண்ணீர் கதவிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. ஜப்பார் பாய் வந்து சொன்னார். "ஒண்ணு போய்ட்ச்சுக்கா."

அந்த வாரக் கடைசியில் ஹெட் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். சரக்குக்காரர் இழப்பீடு கேட்கிறார், யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அறையில் மேனேஜர், கணேசன், நான். சுவரை ஒட்டி ஜப்பார் பாய். அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை. நான் ஒன்றை இழுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

அதிகாரி மரியாதையான மனிதர், வேலையைச் சரியாகச் செய்கிறவர். சர்வர் பதிவுகளை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். "அன்னைக்குக் காலையில அலாரம் சேவை ஓடிட்டிருக்கு. பச்சை. இந்தப் பெட்டிக்கு விடியற்காலையில அலாரம் அனுப்பியிருக்கு, டிக் இருக்கு. திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கு. எல்லாத்துக்கும் டிக் இருக்கு. ஆக சிஸ்டம் சொல்லியிருக்கு, டெக்னீஷியன் போகலை. ஏற்கெனவே ஒரு மெமோ வேற" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கள் சர்வரே சாட்சிக் கூண்டில் ஏறி ஜப்பார் பாய்க்கு எதிராகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் டிக் போட்டு, நேரம் போட்டு. கணேசன் அன்றைக்கு யாருக்கும் தெரியாமல் சரி செய்து முடித்திருந்தால் இந்தப் பொய்யை மறுக்க உலகத்தில் ஒன்றுமே இருந்திருக்காது. போன் அடிக்கவில்லை என்று ஜப்பார் பாய் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாலும் யார் நம்புவார்கள்?

"சார், அந்த டிக் எல்லாம் பொய். போனுக்குச் செய்தி அனுப்பற துணை மென்பொருளே அன்னைக்குப் புது மெஷின்ல இல்லை, அதைத் தாண்டிப் போய்ப் பச்சை காட்டியிருக்கு. அலாரம் வேலை செய்யலைன்னு அன்னைக்கு மைக்ல நான் சொன்னேன். கேட் கிளார்க்கிலிருந்து ட்ரெய்லர் டிரைவர்வரை கேட்டிருக்காங்க. உள்ளே இருந்த கஸ்டமர் ஆளுங்களும் கேட்டாங்க. யாரை வேணா கூப்பிட்டுக் கேளுங்க. சொன்னதுக்கு அப்புறம் இவர் நடந்து போய்க் காப்பாத்தின பெட்டிங்களைப் பத்தியும் கேளுங்க" என்றேன்.

அதிகாரி காகிதங்களைக் கீழே வைத்தார். "ஒரு துணை மென்பொருள் இல்லாதப்போ பச்சை காட்டணும்னு யார் முடிவு பண்ணது?"

கணேசன் மேஜையைப் பார்த்தார். எழுதியது அவர் கை, எல்லாப் பதிவிலும் அவர் பெயர். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் சார் சொன்னேன். கேட் நிக்கக் கூடாதுன்னு சொன்னேன். கணேசன் நான் சொன்னதத்தான் எழுதினாரு. பாய் மேல ஒண்ணும் இல்ல."

அந்த ஆளோடு நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. அன்று அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. ஜப்பார் பாயின் வேலை நிலைத்தது, பழைய மெமோவையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மேனேஜருக்கு அந்த வருடம் பதவி உயர்வு தள்ளிப்போனது. அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு பெருமைக்காரியாக ஓய்வு பெற்றிருப்பேன். வெளியே வந்ததும் ஜப்பார் பாய் நன்றி சொல்லப் போகிறார் என்று நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். அவர் நன்றி சொல்லவில்லை. கோபமாக இருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி நீ லீவு போட்டிருந்தா நான் இன்னா ஆயிருப்பேன்?"

நான் டீ குடிக்கப் போனதால் அவர் வேலை தப்பியது. எனக்கு அன்று தலைவலி வந்திருந்தால், பஸ் கிடைக்காமல் இருந்திருந்தால், அவர் பரோட்டாவை நிம்மதியாகத் தின்று முடித்துவிட்டு வேலையை இழந்திருப்பார். இதைவிடச் சரியான கேள்வியை என் சர்வீசில் யாரும் கேட்டதில்லை.

நானும் கணேசனும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். இல்லாததைத் தாண்டி மற்றதை ஓட்டலாம், கேட் நிற்க வேண்டாம், அதில் மேனேஜர் சொன்னது நியாயம்தான். ஆனால் தாண்டியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்தச் சேவைக்கு எது இல்லை என்பதைக் கிளம்பும்போதும், ஓடிக்கொண்டிருக்கும்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யாருடைய வேலை கெடுமோ அவரிடம் சொல்ல வேண்டும். போனுக்கு அனுப்பும் வழியே செத்துப்போனால் அதைப் போன் வழியாகச் சொல்ல முடியாதே, அதனால் கேட் திரையில் வரும்படி தனி வழி வைத்தோம். எச்சரிக்கையில் என்ன எழுதுவது என்று பெரிய சண்டை. கணேசன் மென்பொருளின் பெயரையும் பிழை எண்ணையும் எழுதினார். அதைப் படித்துவிட்டு கேட் கிளார்க் யாரைக் கூப்பிடுவார்? கடைசியில் இப்படி வைத்தோம்: "ரீஃபர் அலாரம் போகவில்லை. ஜப்பார் பாயிடம் உடனே சொல்லவும். பெட்டிகளை நடந்து பார்க்கவும்." பிழை எண் எல்லாம் அதற்குக் கீழே, கணேசனுக்காக.

எழுதி முடித்ததும் மேனேஜரிடம் போய் ஒரு நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார். விஷயத்தைச் சொன்னேன். அன்று கணேசன், தனக்குத் தோன்றிய நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் அந்த டிபென்டன்சியைப் பிடுங்கிவிட வேண்டும். நான் யார்டில் இருக்கக் கூடாது. பிடுங்கியும் கேட் திரையில் எச்சரிக்கை வரவில்லை என்று கணேசன் போன் செய்தால் மேனேஜரே மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும், ஒரு பெட்டியும் வீணாகக் கூடாது. "மைக் பக்கத்துலயே நாற்காலி போட்டுக் குந்திக்கறேன், நீங்க போங்க" என்றார் அவர்.

லீவு நாள் வந்தது. காலையில் துணி துவைத்தேன், காய்ந்ததை மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன். யார்டுக்குப் போன் செய்யலாமா என்று கை துறுதுறுத்தது. செய்தால் சோதனையே கெட்டுவிடும் என்று போனை அலமாரியில் வைத்துக் கதவை மூடினேன்.

உச்சி வெயிலில் அலமாரிக்குள் மணி அடித்தது. ஜப்பார் பாய். மூச்சிரைத்தது, பின்னால் ரீஃபர்களின் இரைச்சல்.

"அக்கா, அலாரம் செத்துட்ச்சாம், கேட்டாண்டேந்து சொன்னாங்க. நாங்க நடந்துகினு கீறோம். நீ லீவுலயே இரு."